பதினேழாம் நம்பர் பசுவை மலிவாக வாங்கப் போனது

பசுவின் மடியில் மொத்தம் எத்தனை காம்புகள் என்பதை என் முப்பத்தெட்டாவது வயதில், நூலகத்தில், ஒரு படத்தைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன். அதற்கு முன் யாராவது கேட்டிருந்தாலும் நாலு என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் சொல்லிவிட்டுக் கேட்டவர் முகத்தை ஒருமுறை பார்த்திருப்பேன். இத்தனைக்கும் பள்ளிக்கூடத்தில் பசுவைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவன். அதில் கொம்பு வந்தது, வால் வந்தது, சாணம் இரண்டு முறை வந்தது. காம்பைப் பற்றி வாத்தியார் கேட்கவில்லை.

இப்படிப்பட்டவனை நம்பி ஒரு பெண்மணி மாட்டு ஏலத்துக்குப் போனார். தவறு முழுக்க அவருடையது அல்ல. நான் மறுத்திருக்கலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். உதிரிபாகங்களின் வரைபடங்களை எண் வாரியாக அடுக்கி வைப்பது என் உத்தியோகம். யாரும் வந்து வரைபடம் கேட்காத நேரத்தில் புத்தகம் படிப்பது என் உண்மையான வேலை. எப்போதும் படித்துக்கொண்டிருப்பவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்றொரு நம்பிக்கை குடியிருப்பில் நிலவியது. அதைப் பரப்பியதில் எனக்கும் பங்கு உண்டு.

எங்கள் வரிசைக்குப் பால் ஊற்றியவர் கோவில்பதாகையிலிருந்து வருவார். ஐம்பது வயதிருக்கும். கையில் தூக்குக் கேன், இடுப்பில் சுருக்குப்பை, வாயில் வெற்றிலை. முப்பது வீடுகளுக்கு அவர்தான் பால்காரம்மா. அந்த ஆண்டு மழையில் அவருடைய ஒரு மாடு கழிச்சல் கண்டு செத்துப்போனது, இன்னொன்று வற்றிவிட்டது. இரண்டு மாதமாக வேறொருவரிடம் பால் வாங்கி எங்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை, பால் ஊற்றிவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"சார், அந்தாளு பாலு எனக்கே புடிக்கல. ஊத்தின பொறவும் சொம்பு அடியில கீற ஈயம் தெரியுது. ஏழு ஊட்டுல பாக்கெட் பாலுக்கு எய்திக் குட்த்துட்டாங்க. மாசம் பொறந்தா மீதியும் பூடும். அப்பால நான் இன்னாத்த பண்றது?"

மடியிலிருந்து ஒரு தாள்கட்டை எடுத்து நீட்டினார். பூந்தமல்லிப் பக்கம் ஓர் அரசாங்க மாட்டுப் பண்ணையில் உபரி மாடுகளை ஏலம் விடுகிறார்கள். இனவிருத்திக்கென்று வளர்த்த பசுக்கள். ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு வரி: தகப்பன் என்ன இனம், தாய் எவ்வளவு கறந்தது, எத்தனை கன்று போட்டிருக்கிறது, இப்போது எத்தனை மாதச் சினை. எல்லாம் ஆங்கிலத்தில், மங்கலான தட்டச்சில். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில்கூடப் பெண்ணைப் பற்றி இவ்வளவு விவரம் கொடுக்கவில்லை.

"நீ இத்த பட்ச்சி சொல்லு சார், போதும். மாட்ட நான் பாத்துக்கறேன்."

சீட்டைத் தள்ளி எடுத்த ஒன்பதாயிரம் அவரிடம் இருந்தது. அதற்குள் ஒரு மாடு, அதை ஏற்றிவர வண்டி, முடிந்தால் கொட்டகைக்கு நாலு ஓடு. ஒரே ஒரு வாய்ப்பு. அவர் என்னிடம் கேட்டது படித்துச் சொல்வதை மட்டும்தான் என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

அன்று மாலையே நூலகத்துக்குப் போய்க் கால்நடை வளர்ப்பு பற்றி ஒரு தடித்த புத்தகம் எடுத்தேன். எனக்கு முன் அதை யாரும் எடுத்ததில்லை என்பது அதன் கடைசிப் பக்க அட்டையில் தெரிந்தது. பத்து நாளில் முடித்தேன். ஏலத்தில் ஒரு பசுவின் விலையை எவையெல்லாம் தீர்மானிக்கின்றன என்று அதில் ஓர் அத்தியாயமே இருந்தது. வயது, எத்தனையாவது ஈத்து (பிரசவம்) என்பது, தாயின் கறவைக் கணக்கு, மடி வயிற்றோடு எப்படி ஒட்டியிருக்கிறது, பின்னங்கால் எப்படி வளைந்திருக்கிறது, சாதுவா, முரடா, சினை உறுதியா. இரவுச் சாப்பாட்டின்போது இவற்றை ஒவ்வொன்றாக வீட்டில் விளக்கினேன்.

"ஏங்க," என்றாள் மனைவி மோரை ஊற்றியபடி, "எங்கப்பா மாப்பிள்ளை பார்க்க வந்தப்ப இந்தப் புஸ்தகம் அவர் கையில கிடைக்கலையே."

படித்ததைச் சரிபார்க்க நிஜ மாடு வேண்டும். திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துப் பக்கம் மாடுகள் தாராளமாகத் திரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிப்பேட்டோடு போய் ஒரு செவலைப் பசுவின் பின்னாலேயே சுற்றினேன். பின்னங்கால் வளைவைப் பார்க்க வேண்டுமானால் பின்னால்தான் போக வேண்டும். கால்மணி நேரம் கழித்து அதன் சொந்தக்காரர் எங்கிருந்தோ வந்தார்.

"இன்னா நைனா, அப்ப புட்ச்சி மாட்டு பின்னாடியே சுத்திகினு கீற? முனிசிபாலிட்டியா?"

"இல்லீங்க, மடி அமைப்பு பார்க்கறேன்."

அவர் உடனே மாட்டைப் பிடித்து வீட்டுக்குள் கட்டிவிட்டு, கதவையும் சாத்திக்கொண்டார்.

ஏலத்தன்று காலை எட்டு மணிக்கே பண்ணையில் இருந்தோம். ஏலத்துக்கு முன் இரண்டு மணி நேரம் மாடுகளைப் பார்க்க விடுவார்கள். நீளக் கொட்டகையில் வரிசையாகக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றின் பின்புறத்திலும் வெள்ளைப் பெயிண்டில் எண். வியாபாரிகள் கூட்டமாக வந்திருந்தார்கள். அவர்களில் பெரிய கை, பூந்தமல்லியிலிருந்து வந்த ஒரு பாய். வெள்ளைச் சட்டை, தோளில் சிவப்புத் துண்டு. அவர் ஒரு மாட்டின் முன் நின்றால் மற்ற வியாபாரிகளும் போய் நின்றார்கள். அவர் நகர்ந்தால் நகர்ந்தார்கள்.

பால்காரம்மா கொட்டகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு தடவை நடந்தார். எங்கும் நிற்கவில்லை. கடைசியில் என்னைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"பதினேழு," என்றார் மெதுவாக. "பேப்பர்ல இன்னா கீது பாரு."

பதினேழு ஒரு கறுப்பு வெள்ளைக் கலப்பினப் பசு. அழகு என்று சொல்ல முடியாது. ஒரு காது கிழிந்திருந்தது. விலா எலும்பை எண்ணலாம். வால் நுனியில் முடி இல்லை. ஆனால் தாளில் அதன் வரி தங்கம்: தாய் பண்ணையிலேயே அதிகம் கறந்தவற்றில் ஒன்று; இரண்டு ஈத்து முடிந்து மூன்றாவது சினை, எட்டாம் மாதம். என் புத்தகம் எதையெல்லாம் கேட்டதோ அதெல்லாம் இருந்தது. பத்து நாள் படித்து நான் அடைந்த முடிவை அவர் நடந்துகொண்டே அடைந்திருந்தார். எனக்குச் சிறிது வருத்தமாகவே இருந்தது.

"இதான் சார். மடி நரம்பு பாத்தியா? சோறு போடாம வெச்சிகீறாங்க, அதான் எலும்பு தெரியுது. யாரும் அத்த கண்டுக்கல. அஞ்சுல ஆரம்பிச்சா ஆறு, ஆறரைக்கு வந்துரும். நீ கம்னு இரு. வாயத் தொறக்காத."

"சரி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அடுத்து நடந்ததை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பால்காரம்மா நேராக ஒன்பதாம் நம்பர் பசுவின் முன் போய் நின்றார். அது சிவப்பில் வெள்ளைத் திட்டுகளோடு பட்டுப் போன்ற ஒரு செம்மறைப் பசு. கொழுகொழுவென்று, கல்யாண வீட்டு அத்தை மாதிரி. அதன் கழுத்தைத் தடவி, திமிலைத் தட்டி, நாலு பேருக்குக் கேட்கிற குரலில், "அட அட அட, இன்னா சோக்கா கீது! மகாலச்சுமி! இத்த வுட்டா வேற மாடு ஏது?" என்றார். ஒன்பதின் வரியில் என்ன இருந்தது தெரியுமா? ஒரு ஈத்து, அதிலும் கறவை சுமார், இரண்டு முறை சினை தங்கவில்லை.

எனக்குப் பகீரென்றது. பாவம், கிராமத்து மனுஷி, வெளித்தோற்றத்தில் மயங்கிவிட்டார் என்று நினைத்தேன். வேண்டிய மாட்டின் பக்கமே திரும்பாமல், வேண்டாத மாட்டின் முன் நின்று கொண்டாடுவது மாட்டுச் சந்தையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சூது என்பது எனக்குத் தெரியாது. என் புத்தகத்தில் மாடுகளைப் பற்றி மட்டும்தான் இருந்தது. மாடு வாங்குகிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஓடிப்போய்த் தாளை விரித்தேன். "பால்காரம்மா, ஒன்பது வேண்டாம்! பதினேழுதான்!" என்று ஆரம்பித்து, தாய்வழிக் கறவை, ஈத்து இடைவெளி, மடிப் பிணைப்பு என்று பாதி ஆங்கிலமும் பாதி தூய தமிழுமாக, நிறுத்தாமல் வாசித்தேன். தொழிற்சாலையில் வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வாரத்தில் பேச எனக்கு வாய்ப்புக் கிடைக்கும்; அந்தக் குரல். முடித்துவிட்டு நிமிர்ந்தால், பாய் பதினேழாம் நம்பரின் முன் நின்றுகொண்டிருந்தார். மற்றவர்களும் நின்றுகொண்டிருந்தார்கள்.

பால்காரம்மா என் சட்டையைப் பிடித்துத் தூண் மறைவுக்கு இழுத்தார்.

"யோவ் சார்! உன்ன நான் இன்னா சொல்லி இட்டாந்தேன்? நான் டபாய்ச்சிகினு இருக்கேன், நீ வந்து தண்டோரா போடறியே! முப்பது ஊட்டு பாலு சார்!"

அப்போதுதான் விளங்கியது. சரி, கெடுத்ததை நானே சரிசெய்வேன் என்று முடிவெடுத்தேன். இதைவிட மோசமான முடிவை அதற்குப் பிறகு எடுத்ததில்லை. பதினேழின் அருகே போய், யாரிடமும் சொல்லாததுபோல் எல்லோரிடமும் சொன்னேன்: "அடடா, இப்பதான் கவனிச்சேன். காது கிழிஞ்சிருக்கு. இது முரட்டு மாடு போல. இருமுது வேற."

பசு இருமவில்லை. என்னைப் பார்த்து அசைபோட்டது.

"இருமல்" என்ற சொல் பண்ணை மருத்துவர் காதில் விழுந்துவிட்டது. தன் பண்ணை மாட்டை நோயாளி என்பதா? அவர் விறுவிறுவென்று ஒலிபெருக்கிப் பக்கம் போனார். "பதினேழாம் எண் பசுவுக்கு எந்த நோயும் கிடையாது! நேற்றுதான் பரிசோதனை செய்யப்பட்டது! சினை உறுதி! நல்ல குணம்!" என்று மூன்று முறை அறிவித்தார். மூன்றாவது முறைக்குள் கொட்டகைக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள்.

புகழ்ந்தேன், விலை ஏறியது. இகழ்ந்தேன், இன்னும் ஏறியது. கடைசியில் பேசாமல் நின்றேன். நான் ஏதோ ஆபீசர், எதையோ மறைக்கிறேன் என்று அதற்கும் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள்.

ஏலம் புளியமரத்தடியில். பதினேழு ஐயாயிரத்தில் தொடங்கியது. ஆறாயிரம் வரை ஓட்டமாகப் போனது. ஏழில் இரண்டு பேர் விலகினார்கள். பால்காரம்மா ஒவ்வொரு நூறுக்கும் கையைத் தூக்கினார். எட்டாயிரத்து ஐநூறு வரை தூக்கினார். பாய் எழுநூறு என்றார். பால்காரம்மாவின் கை பாதி எழுந்து, வண்டிக்கூலி இருந்த சுருக்குப்பையைத் தொட்டு, கீழே இறங்கியது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மாடு பாயுடையது.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அந்தப் பசுவைத்தான் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே பாயிடம் போனார்.

"பாய், அத்த எனக்குக் குட்த்துரு. லாபம் வெச்சிக்க, வாணாம்னு சொல்லல. எனுக்கு வேற மாடு ஆவாது."

பாய் சிரித்தார். "வெலய வெளிய பேசக் கூடாதும்மா. நாலு பேரு பாக்கறாங்க." தோள் துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டார். மாட்டுத் தரகில் விலை பேசுவது துண்டுக்கு அடியில். இருவரும் உள்ளே கையை விட்டு விரல்களைப் பிடித்துப் பேசுவார்கள், வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஆனால் ஒரு பெண்மணி அன்னிய ஆணின் கையைப் பிடிக்க முடியுமா? இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார் கைய வுடட்டும்," என்றார் பாய்.

"ஒரு வெரலு ஒரு நூறு," என்றார் பால்காரம்மா என் காதில். "அவரு மூணு புட்ச்சார்னா தலைய ஆட்டு. மேல போனா கைய இஸ்து வெளிய எட்த்துரு. வேற இன்னாத்தயும் பண்ணிராத. உன்ன கும்புட்டு கேட்டுக்கறேன்."

துண்டுக்குள் கையை விட்டேன். இருட்டில் ஒரு கனத்த கை என் கையைச் சந்தித்தது. ஒரு மனிதர் கை கொடுக்கிறார். நான் நல்ல முறையில் வளர்க்கப்பட்டவன். ஐந்து விரலையும் பற்றிக் குலுக்கிவிட்டேன்.

பாய் முகம் மலர்ந்தது. "ஐநூறு! முடிஞ்சுது! சாருக்குப் பெரிய மனசு." துண்டுக்குள் கொடுத்த வாக்கு வாக்குதான், திரும்ப எடுக்கிற வழக்கம் இல்லை.

எட்டாயிரத்து எழுநூறும் ஐநூறும் ஒன்பதாயிரத்து இருநூறு. பால்காரம்மா என்னைப் பார்க்கவில்லை, புளியமரத்தைப் பார்த்தார். என் சட்டைப் பையில் பஸ் காசுதான் இருந்தது. பாய் தாடியைத் தடவினார்.

"ஒண்ணு பண்ணலாம். இருநூறு வாணாம். வர்ற ஞாயித்துக்கிழம சந்தையில ஆறு மாடு விக்கறேன். சாரு அந்தப் பேப்பரு கீப்பரு எடுத்துகினு என்கூட வந்து நிக்கட்டும். இன்னிக்கி மாதிரியே பேசட்டும். ஒரு மாட்டுக்கு நூறு ஏறினாக்கூட எனுக்கு அறுநூறு ஆச்சே."

"இட்டுகினு போ பாய்," என்றார் பால்காரம்மா உடனே. "ஒரு வாரம் வேணும்னாலும் வெச்சிக்க."

மாட்டை ஏற்ற வண்டிக்குப் பணம் மிஞ்சவில்லை. நடத்தியே கூட்டிவந்தோம். எட்டு மாதச் சினைப் பசு, கல்யாண ஊர்வலத்தின் வேகத்தில் ஆவடிச் சாலையில் நடந்தது. முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர். பின்னால் நான், ஏலத் தாளோடு, பதினேழு என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே. எங்கள் அலுவலகத்துக்காரர் ஒருவர் பஸ் ஜன்னலிலிருந்து கையசைத்தார். நானும் அசைத்தேன். மறுநாள் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அடுத்த மாதக் கடைசியில் பசு கன்று போட்டது. பெண் கன்று, கிடாரி. எழுதிக் கொடுத்த ஏழு வீட்டில் ஐந்து திரும்பி வந்தன. சொம்பின் அடியில் ஈயம் தெரியவில்லை.

ஆனால் அதற்கு முன் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன்: எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. ஒரு மாட்டின் விலையை வாய்ச்சொல்லால் இரண்டாயிரம் ரூபாய் உயர்த்துவது சாதாரணக் காரியமா? மனைவி இஸ்திரி போட்ட சட்டையை உடுத்திக்கொண்டு போனேன். பாயின் முதல் மாட்டின் அருகே நின்று தாய்வழிக் கறவையைப் பற்றிப் பேசினேன். வாங்க வந்த ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அண்ணாத்தே, நீ வாங்கறியா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப கொஞ்சம் நவுரு, மாடு தெரியல."

இரண்டாவது மாட்டுக்கு மடிப் பிணைப்பு. கேட்க ஒரு ஆடு மட்டும் இருந்தது. மூன்றாவதற்கு, ஏலத்தில் நன்றாக வேலை செய்த முறையை எடுத்தேன். "இருமுது போல" என்றேன். வாங்க இருந்தவர் "அப்பிடியா? நல்ல காலம் சொன்ன சார், புண்ணியமாப் பூடும்" என்று என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, எதிர்ச்சாரியில் வேறொருவரிடம் மாடு வாங்கிக்கொண்டு போனார்.

பாய் என்னை டீக்கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார். அவரே டீ வாங்கிக் கொடுத்தார். நான் குறிப்பேட்டைப் புரட்டி, ஏலத்தன்று எந்த வாதம் எடுபட்டது, பரம்பரையா, ஈத்துக் கணக்கா என்று அவரிடமே கேட்டேன். எதிர்காலத்துக்கு உதவும் அல்லவா?

"வுடுங்க சார்," என்றார் பாய், டீயை ஆற்றிக்கொண்டே. "அன்னிக்கி நீங்க பட்ச்சது எங்கள்ல ஒருத்தனுக்கும் வெளங்கல. யாரோ ஆபீசரு, வெயிலுக்கு பொலம்பறாருன்னு கம்னு இருந்தோம். நீங்க பதினேழுன்னு வாயத் தொறந்ததும் அந்தம்மா மூஞ்சி போச்சு பாருங்க, அத்த பாத்துதான் நான் அந்த மாட்டுக்கு எட்டாயிரத்து எழுநூறு குட்த்தேன்."